கடைசிக் கேள்வி மேட்டு லயத்துக்கு

தேயிலைத் தோட்டத்து லயம் என்கிற வரிசை வீடுகளில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றுக்குள் எத்தனை பெண்கள் உட்காரலாம் என்று தெரிய வேண்டுமானால், அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காளியாயியின் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். கட்டிலில் ஒரு கூட்டம், கட்டிலுக்குக் கீழே காலை மடக்கி ஒரு கூட்டம், அடுப்படிக்குப் போகிற வழியில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக மீதிப் பேர். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஹட்டன் டவுனிலிருந்து வேனில் வந்து இறங்கிய உம்மு குல்சும் மேடம். உள்ளே போனவள் வெளியே வர வேண்டுமென்றால் மேடம் எழுந்து வழிவிட வேண்டும். மேடம் அவ்வளவு லேசில் எழுந்திருக்கிற ஆளில்லை.

இத்தனை பேரையும் கூட்டி வைத்தவள் காளியாயியின் மருமகள் ஜெயந்தினி. வயது இருபத்தாறு. நல்லதண்ணிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகிக் கொட்டகலைக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம். இப்போது காஸ் அடுப்புக்கு முன்னால் நின்று, புது பிரஷர் குக்கரைக் காட்டி, "மூடியத் தெறந்து தெறந்து பாக்கக் கூடாது அக்கா, கேக்கு அமுங்கிப் போயிரும்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது.

உம்மு குல்சும் மேடத்துக்கு ஹட்டனில் பாத்திரக் கடை. குக்கர், ஒட்டாத தாச்சிச் சட்டி, காஸ் அடுப்பு எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு கடையில் ஈ ஓட்டுவதைவிட, வீடுகளுக்கே போய்ச் சமைத்துக் காட்டி விற்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. ஒரு வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்ட வேண்டியது. புதுச் சட்டியில் எதையாவது செய்து எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டியது. இரண்டு அணியாகப் பிரித்துக் கேள்வி பதில் விளையாட்டு வைக்க வேண்டியது. சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும்போதே ஆர்டர் எடுத்து, 'அடுத்த தடவை யார் வீட்டில் வைக்கலாம்' என்று நாளையும் குறித்துவிட வேண்டியது. அடுத்த வீடு கிடைக்காவிட்டால் தொழில் அன்றோடு படுத்துவிடும்.

"மகள், இன்டைக்கு மூணு வீடு பிடிச்சுத் தாங்க. தந்தா நாளைக்கே கடைக்கு வாங்க, நிரந்தரமா வச்சுக்கிறேன். இல்லாட்டி என்னால ஏலாது, குறை நினைக்காதீங்க" என்று மேடம் வேனிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரும் யாவாரம் பண்ண வந்தவர்தானே.

ஜெயந்தினிக்கு அந்த மூன்று வீடுதான் உயிர். ஏனென்றால் அடுத்த மாதம் காளியாயிக்கு அறுபது முடிகிறது. முடிந்ததும் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். பேர் உள்ள ஆள் ஒருத்தராவது இல்லாத வீட்டுக்குக் காம்பரா நிலைக்காது; இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவர் வந்து, 'வேலைக்கு வர்ற குடும்பம் இடமில்லாமக் கெடக்கு, நீங்க என்ன பண்ணப் போறீங்க?' என்று பல்லைக் காட்டிக்கொண்டு கேட்பார். அதனால் காளியாயியின் இடத்துக்கு யாராவது பேர் பதிய வேண்டும். வீட்டில் மிச்சம் இருப்பது யார்? காளியாயியின் ஒரே மகன் கிஷாந்த் கொழும்பில் துணிக்கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறவன். 'பாத்துக்கலாம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் குடும்பம் நடத்திய கெட்டிக்காரன். ஆகவே எல்லாருடைய கண்ணும் ஜெயந்தினி மேல்தான்.

பேர் பதிவது என்பது ஒரே ஒரு கையெழுத்து. ஆனால் அதற்குப் பிறகு விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும், மழையில் நனைந்து, அட்டைக்குக் காலைக் கொடுத்து, மாமியாரைப் போலவே அறுபதுவரை அங்கேயே கிடக்க வேண்டும். ஜெயந்தினி உயர்தரம் வரை படித்தவள். அந்தக் காலையில்கூட, மாவைச் சலித்துக்கொண்டே, 'வேறு போக்கத்தவள் போகிற வேலைக்கு நான் ஏன் போக வேண்டும்?' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காளியாயி அகப்பையைத் தூக்கியிருப்பாள்.

காளியாயி கெட்டவளில்லை. அதுதான் ஜெயந்தினிக்குப் பெரிய இம்சை. கெட்ட மாமியாராக இருந்தால் ஒரு சண்டையைப் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இவளோ மருமகள் இருமினால் எழுந்து கொத்தமல்லி வறுக்கிறவள். "நீ பதிஞ்சிரு புள்ள, நா வீட்டுல சமைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன், முட்டி வேற இப்ப மடக்க முடியல" என்று தினமும் ஆசையோடு சொல்லுகிறவள். அந்த ஆசையிலிருந்து வெளியேற எந்தப் பக்கம் கதவு என்று ஜெயந்தினிக்குத் தெரியவில்லை. கிஷாந்தைக் கேட்டால் பாத்துக்கலாம்.

போன மாதம் கொட்டகலைக் கடைவீதியில் ஒரு வீட்டில் ஜெயந்தினி வைத்த முதல் விளையாட்டு மண்ணைக் கவ்வியது. கேள்விகள் கொழும்பில் அச்சடித்து வந்தவை. பாஸ்தாவை எத்தனை நிமிஷம் அவிக்க வேண்டும், சீஸ் எந்த மிருகத்தின் பாலில் செய்வது என்று ஆரம்பித்தால் யார் வாயைத் திறப்பார்கள்? வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, 'பிள்ளை அழும்' என்று நழுவிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஜெயந்தினி அந்தக் கேள்விகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே யோசித்தாள்.

அணி பிரிப்பதையும் அவளே யோசித்தாள். தோட்டத்தில் இரண்டு லயம். மேலே மேட்டு லயம், பள்ளத்தில் பணிய லயம். மாரியம்மன் திருவிழாவில் கயிறு இழுத்தாலும் சரி, கோலம் போட்டாலும் சரி, இந்த இரண்டு லயத்துக்கும் விட்டுக்கொடுக்கிற பழக்கமே கிடையாது. போன வருஷம் கயிறு அறுந்ததற்கே ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. இதைப் பார்த்தவள் ஜெயந்தினி. இந்த நெருப்பைக் கொஞ்சம் அடுப்புக்குள் விட்டால் என்ன என்று நினைத்தாள். ஐயோ பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

"மேட்டு லயத்து ஆளுங்க கட்டில் பக்கம் வாங்க. பணிய லயம் இந்தப் பக்கம்" என்றதும், அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த காம்பரா நிமிர்ந்து உட்கார்ந்தது. மேட்டு லயத்துக்குத் தலைவி வேறு யார், வீட்டுக்காரி காளியாயிதான். பணிய லயத்துக்கு வேலாயி. இரண்டு பேரும் ஒரே வருஷம் மலைக்குப் போகத் தொடங்கியவர்கள், ஒரே வரிசையில் நின்று கொழுந்து எடுத்தவர்கள். யார் கூடை முதலில் நிறைந்தது என்று இன்றைக்கும் தீராத வழக்கு.

குக்கர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சுவரில் ஒட்டி, கரித்துண்டால் நடுவில் ஒரு கோடு போட்டாள் ஜெயந்தினி. விதியைச் சொன்னாள்.

"சண்ட போடக் கூடாது. நான் சரின்னா சரி, பிழைன்னா பிழை. ஆனா பிழைன்னு சொன்னா சரியான விடை என்னான்னு நானே சொல்லிருவேன். அதுதான் நியாயம், என்ன?"

"நியாயந்தான், நியாயந்தான். கேள்வியக் கேளு புள்ள" என்றாள் வேலாயி.

"மொத கேள்வி. போன திருவிழா அன்னதானத்துல அடிப்புடிச்ச கறி எது?"

"பருப்பு!" என்று மேட்டு லயம் கூரை அதிரக் கத்தியது. "கிண்டிக்கிட்டு இருந்தது வேலாயி!" என்று கேட்காத விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வேலாயி, "அது வெறகு சரியில்லடி, வெறகு அடுக்குனது ஒங்க லயம்!" என்று பாய்ந்தாள். சிரித்துச் சிரித்துக் கட்டில்கால் முனகியது. வாசலில் இருந்த மேடமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் ரயில் இருட்டுக்குள் போகிற இடத்துக்குப் பேர் என்ன என்றதும், சிங்கமலைச் சுரங்கம் என்று பணிய லயம் முந்திக்கொண்டது. முட்டை இல்லாவிட்டால் கேக்குக்கு என்ன போடலாம் என்றதற்கு, அதுவரை மூச்சு விடாமல் இருந்த சுலக்ஷனா என்கிற கூச்சக்காரி மேட்டு லயத்துப் பக்கமிருந்து, "தயிரு போடலாம்" என்று மெதுவாகச் சொல்லி, பக்கத்திலிருந்தவர்கள் அவள் முதுகில் தட்டித் தட்டியே சிவக்க வைத்தார்கள். குக்கரில் விசில் வராவிட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று நடுவில் தன் யாவாரத்தையும் நுழைத்தாள் ஜெயந்தினி. மூடியிலுள்ள ரப்பர் வளையம் என்று விடை வருவதற்குள் நாலு பேர் குக்கரைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டார்கள்.

"வெறகு அடுப்புல வச்சா கறுத்துப் போயிருமோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வெளிய கறுக்கும் அக்கா, உள்ள கறுக்காது. சாம்பல் போட்டுத் தேய்ச்சா வெளியவும் போயிரும்."

"அப்ப என்னயப் போலதான்!" என்றாள் வேலாயி. மறுபடியும் சிரிப்பு.

கேக் வெந்து, தட்டில் கவிழ்ந்து, வாசம் லயத்துக் கடைசி வரை போனது. சும்மா சொல்லக் கூடாது, பூப்போல வந்திருந்தது. கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் ஆளுக்கொரு துண்டு பிட்டுச் சாப்பிட்டார்கள். மேடம் ஜெயந்தினியைப் பார்த்துக் கண்ணாலேயே 'நல்லம்' என்றார். ஜெயந்தினிக்கு மனசு லேசாகிவிட்டது. தலைவர் பழனியாண்டியின் மனைவிகூட, "எங்க வீட்டுலயும் ஒரு நாளைக்கி வைக்கலாம்" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னது காதில் விழுந்தது. பழனியாண்டி தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவர் மனைவி வீட்டில் வைத்தால் மற்ற வீடுகள் தானாக வரும். நாளைக்கு ஹட்டன் பஸ்ஸில் எந்தச் சேலை கட்டலாம் என்றுகூட அவள் யோசித்துவிட்டாள்.

அட்டையில் இரண்டு பக்கமும் புள்ளி சமமாக நின்றது. இனி ஒரே ஒரு கேள்வி. அதை ஒரு அணி கேட்க, மறு அணி சொல்ல வேண்டும். சரியென்றால் சொன்ன அணிக்கு வெற்றி, பிழையென்றால் கேட்ட அணிக்கு வெற்றி. வென்ற லயத்துக்கு ஒட்டாத தாச்சி பரிசு. மேடம் காசைச் சுண்டினார். கேட்கிற முறை பணிய லயத்துக்கு விழுந்தது.

பணிய லயத்துக்காரிகள் தலைகளை ஒன்றாகச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். அப்புறம் வேலாயி எழுந்து நின்றாள். சேலையை இழுத்துச் சொருகினாள். அவள் காம்பராவில் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், நடுவில் ஒரு சேலைத் திரை. மருமகள் மறுபடியும் மாசமாக இருக்கிறாள். மேட்டு லயத்தில் ஏதாவது ஒரு காம்பரா காலியாகுமா என்று அந்த மனுஷி எத்தனை நாள் ஏங்கியிருப்பாளோ, அது அவளுக்குத்தான் தெரியும். முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கேள்வி சிரிக்கவில்லை.

"மேட்டு லயத்துல அடுத்த மாசம் காளியாயி அக்கா பேர வெட்டுனதும், அவுங்க எடத்துக்குப் பேரு பதியப் போறது யாரு?"

அடுத்த நொடி, கட்டில் பக்கம் இருந்த அத்தனை பெண்களும் ஒரே குரலில், கையைத் தட்டிக்கொண்டு, வெற்றி கைக்குள் விழுந்துவிட்ட சந்தோஷத்தில் கத்தினார்கள்.

"ஜெயந்தினி!"

காளியாயிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வாயெல்லாம் பல்.

ஜெயந்தினியின் கையில் கரித்துண்டு அப்படியே நின்றது. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஏனென்றால் சரியா பிழையா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். விதியைப் போட்டவளும் அவள்தான். 'அடப் பாவி, நீயே வலையைப் பின்னி நீயே உள்ளே போய் உட்கார்ந்தாயே' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

சரி என்று சொல்லிவிடலாம். ஒரே சொல். மேட்டு லயம் துள்ளிக் குதிக்கும், மாமியார் தாச்சியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவாள், மூன்று வீடு என்ன, ஆறு வீடு கிடைக்கும். ஆனால் தலைவர் மனைவி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். லயத்தில் நாலு பேருக்கு முன்னால் விழுந்த வார்த்தை கையெழுத்தைவிடக் கெட்டியானது. நாளைக்குப் பெரட்டில், 'காளியாயி மருமக சரின்னுருச்சாம்' என்று தலைவர் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடமே சொல்லிவிடுவார். அப்புறம் கிடைத்த வீடுகளுக்கு யார் போய்ச் சமைத்துக் காட்டுவது? கூடையோடு மலையில் நிற்கிறவளா?

"சொல்லு புள்ள, சரிதானே?" என்றாள் காளியாயி.

"பிழை" என்றாள் ஜெயந்தினி.

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. பணிய லயம் கைதட்டப் போய்ப் பாதியில் நிறுத்தியது. மேடம் நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்தார்.

"பிழையா?" என்றாள் காளியாயி. கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

வேலாயி விடவில்லை. "பிழைன்னா சரியான விடைய நீதானே சொல்லணும்? நீயே வச்ச சட்டம். யாரு பதியப் போறது? சொல்லு."

வெளியே போகலாமென்றால் வாசலில் மேடம். பின்னால் சுவர். ஜெயந்தினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது; அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. இரண்டு வருஷமாக இந்தக் கேள்வியைத் தன் தலையில் கட்டிவிட்டு, பாத்துக்கலாம் பாத்துக்கலாம் என்று கொழும்பில் சட்டைத்துணி கிழித்துக்கொண்டிருக்கிறவன் மேல் ஆத்திரம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காளியாயி தன் புருஷன் பேரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அந்த மனிதர் செத்துப் பத்து வருஷமாகியும் சொல்லவில்லை. கிராம சேவகர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கைகாட்டிச் சொல்ல வைப்பாள். ஜெயந்தினி இந்தக் காலத்துப் பெண், தனியாகப் போனில் பேசும்போது பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஆனால் இந்த வீட்டு வாசலுக்குள், மாமியார் காதுபட, அவனுக்குப் பேர் 'அவரு' மட்டுந்தான்.

"கிஷாந்த்" என்றாள் ஜெயந்தினி. "சரியான விடை கிஷாந்த். அவருடைய அம்மா வேலை. அவருடைய அம்மா வீடு. அவருதான் வந்து பதியணும்."

ஆத்தாடி! ஒருத்தி வாயில் வைத்த கேக்கை விழுங்காமல் இருந்தாள். சுலக்ஷனா தலையைக் குனிந்துகொண்டாள். காளியாயியின் முகம் கன்றிச் சிவந்தது.

"என்னா சொன்ன? எம்மகன் பேரச் சொல்லி, எம்மகன மலைக்கு வரச் சொல்றியா? இத்தன பேருக்கு முன்னால?" எழுந்திருக்கப் பார்த்தாள், முட்டி இடம் கொடுக்கவில்லை, சுலக்ஷனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "போடு போன. அவன் வாயாலயே கேப்போம். சத்தமா வச்சுப் போடு, எல்லாரும் கேக்கட்டும்!"

ஜெயந்தினி போனை எடுத்தாள். அவளும் கேட்கத்தான் விரும்பினாள். ஒரு தடவையாவது, நாலு பேர் காதுபட, அவன் பாத்துக்கலாம் என்று சொல்ல முடியாத மாதிரிக் கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் போட்டுக் காளியாயியின் கையில் கொடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எல்லோரும் அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா?" என்றான் கிஷாந்த். பின்னால் வாகன இரைச்சல்.

"தம்பி, ஒம் பொண்டாட்டி சொல்றா, என் எடத்துக்கு நீதான் வந்து பேரு பதியணுமாம். நீயே சொல்லுப்பா அவளுக்கு."

அவன் சிரித்தான். அவன் சிரித்ததில் தப்பில்லை. தன் அம்மா தனியாகப் பேசுகிறாள் என்றுதான் நினைத்திருப்பான். இத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"அவளுக்குப் பைத்தியமாம்மா? நான் மலைக்கு வரவா கொழும்புக்கு வந்தேன்? கொழுந்து எடுக்கிறதெல்லாம் வேற போக்கத்தவங்க பாக்குற வேலம்மா. அவ வீட்டுல சும்மாதானே கெடக்குறா, போகட்டும். நாலு நாள் அட்ட கடிச்சாச் சரியாப் போயிரும். சரி வைங்க, கடையில ஆளு நிக்குது."

காளியாயி கையில் போன் அணைந்தது.

அந்தக் காம்பராவில் இருந்தவர்களில் மேடத்தையும் ஜெயந்தினியையும் தவிர மற்ற எல்லோரும் மறுநாள் விடிந்ததும் கூடை தூக்கப் போகிறவர்கள். ஒருத்தி தட்டிலிருந்த கேக் துண்டை அப்படியே கீழே வைத்தாள். வேலாயி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயந்தினிக்குத்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சுட்டது. அது அவளுடைய சொல். அன்று காலையில் மாவு சலிக்கும்போது அவள் மனசுக்குள் சொன்ன அதே சொல்லைத்தான் அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தான். வெட்கத்தில் அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"வேலாயி" என்றாள் காளியாயி. குரல் தணிந்திருந்தது. "நீ கேட்ட கேள்விய இன்னொருக்காக் கேளு."

"விடுங்க அக்கா. ஒரு வெளையாட்டுக்குக் கேட்டது."

"கேளு வேலாயி."

வேலாயி கேட்டாள். "ஒங்க எடத்துக்குப் பேரு பதியப் போறது யாரு?"

"யாருமில்ல" என்றாள் காளியாயி. "எம்மருமகளும் இல்ல. எம்மகனும் இல்ல. பேர வெட்டுனா வெட்டட்டும், நான் கைக்காசுக்குப் போவேன். அறுபது முடிஞ்சவங்க எத்தன பேரு அன்னன்னைக்குக் கூலி வாங்கிக்கிட்டுப் போறாங்க. ஒரு ஆளு மலைக்கு வந்துக்கிட்டு இருக்கையில, பேரு இல்லன்னாலும் காம்பராவ ஒடனே கேக்க மாட்டாங்க. போக்கத்தவ நான் ஒருத்தி இருக்கேன்ல, போதும்."

"முட்டிய வச்சுக்கிட்டா?" என்றாள் தலைவர் மனைவி.

"முட்டி என்னா பண்ணும். ஏறுற வரைக்கும் ஏறும்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "நாங்க சொன்னது பிழதான் புள்ள. புள்ளிய பணிய லயத்துக்குப் போடு."

மேட்டு லயத்துக்காரி பணிய லயத்துக்கு விட்டுக்கொடுத்ததை அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. ஜெயந்தினி கரித்துண்டை எடுத்தாள். பணிய லயத்துப் பக்கம் ஒரு கோடு போட்டாள். ஒருவரும் கைதட்டவில்லை. மேடம் தாச்சியை நீட்ட, வேலாயி வாங்கிக் காளியாயியின் அடுப்படியிலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் எல்லாம் தானாக நடந்தது. "அடுத்த ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல வை புள்ள" என்றாள் தலைவர் மனைவி. அதற்கடுத்த வாரம் தன் வீட்டில் என்றாள் சுலக்ஷனா. "என் வீட்டுல எடமில்ல, ஆனா வாசல்ல வைக்கலாம், வா" என்றாள் வேலாயி. ஜெயந்தினி மீது இரக்கப்பட்டார்களா, போனில் பேசினவன் மேல் கோபப்பட்டார்களா, தெரியவில்லை. எப்படியோ மூன்று வீடும் விழுந்துவிட்டது. மேடம் கடைசியில் நாற்காலியை விட்டு எழுந்து, ஜெயந்தினியின் கன்னத்தைத் தொட்டு, "நாளைக்குக் கடைக்கு வாங்க மகள்" என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்து நடந்தார்.

கேட்டது கிடைத்துவிட்டது. வாசலும் திறந்துவிட்டது. ஜெயந்தினி அந்த வாசலில் நின்றுகொண்டு, உள்ளே குனிந்து தட்டுகளைப் பொறுக்கும் காளியாயியைப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, பிடித்துக்கொண்டே நிமிர்ந்தாள் அந்த மனுஷி. 'வேணாம் மாமி, நான் பதியுறேன்' என்ற சொல் ஜெயந்தினியின் தொண்டை வரை வந்துவிட்டது. வெளியே விட்டால் இந்த ஜென்மத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. விடாவிட்டால் இந்த முட்டி தினமும் மலை ஏறுவதை நினைத்துக்கொண்டுதான் கடையில் நின்று சிரிக்க வேண்டும். அவளுக்குத் தன்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

காளியாயி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"நாளைக்கு எத்தன மணிக்குப் புள்ள பஸ்சு? நான் பெரட்டுக்குப் போறப்ப ஒன்னய எழுப்பி விட்டுட்டுப் போறேன்."

ஜெயந்தினி உள்ளே வந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த கடைசித் தட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"ஆறரைக்கு மாமி" என்றாள்.